எந்த டி.என்.ஏ. கிட்? வேர் தேடும் தமிழருக்கு ஒரு கணக்கு

வம்சாவளி தேட டி.என்.ஏ. கிட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி துல்லியம்?" என்பதுதான். எச்சிலில் இருப்பதை வாசிக்கும் வேலையைப் பொறுத்தவரை பெரிய நிறுவனங்களுக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஏற்றத்தாழ்வு இல்லை. நம் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அதில் ஆளுக்கு ஆள் மாறக்கூடிய ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் ஒரு சிப்பை வைத்துப் படிப்பதுதான் இதுவரை எல்லோரும் செய்துவந்த வழக்கம். அந்த வாசிப்பில் பிழை மிகக் குறைவு. வித்தியாசமெல்லாம் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. படித்ததை யாருடைய டி.என்.ஏ.வோடு வைத்து ஒப்பிடுகிறார்கள்? நம் சொந்தக்காரர் யாராவது அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே எச்சில் கொடுத்திருக்கிறாரா? இல்லையென்றால் எத்தனை உயர்ந்த கிட்டாக இருந்தாலும் கைக்கு வருவது ஒரு வண்ண வரைபடம் மட்டுமே. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களுக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. தமிழர்களுக்கு இதுதான் முதல் பிரச்சினை.

இந்தத் தொழிலுக்கு வயது கால் நூற்றாண்டுதான். 2000இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பென்னட் கிரீன்ஸ்பான் என்பவர் ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ.வைத் தொடங்கினார். தன் தாய்வழிக் குடும்பப் பெயரைத் தாங்கிய ஒருவர் அர்ஜென்டினாவில் இருப்பது தெரிந்து, இருவரும் ஒரே வம்சமா என்று பார்க்க அரிசோனா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தை அணுகியதில் பிறந்த வியாபாரம் அது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரையன் சைக்ஸ் 'ஆக்ஸ்ஃபோர்டு ஆன்செஸ்டர்ஸ்' தொடங்கினார். 2006இல் பிறந்த 23அண்ட்மீ அடுத்த ஆண்டு தன் கிட்டை 999 டாலருக்கு விற்றது. 2012இல் விலை 99 டாலராக இறங்கியது. ஆன்செஸ்ட்ரி இதே வகைப் பரிசோதனையைத் தொடங்கியதும் 2012இல்தான். இஸ்ரேலின் மைஹெரிடேஜ் 2016இல் வந்து சேர்ந்தது. இன்று ஆன்செஸ்ட்ரியில் மட்டும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 23அண்ட்மீயில் 2025க்கு முன் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் இருந்தார்கள்.

கம்பெனியைத் தேர்வதற்கு முன் பரிசோதனை வகையைத் தேர்ந்தாக வேண்டும். பெட்டியின் மேல் இது தெளிவாக எழுதப்பட்டிருப்பதில்லை. மூன்று வகை உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குவது ஒய் குரோமோசோம். தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கி, பெண் பிள்ளைகள் வழியே மட்டும் தொடர்வது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மூன்றாவதான ஆட்டோசோமல், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பாதிப் பாதி கலந்து வருவது. கடையில் 'குடும்ப வரலாறு' என்று விற்கும் கிட்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

ஒய் பரிசோதனை மேற்கில் குடும்பப் பெயரோடு கைகோத்து வளர்ந்தது. பெயரும் தந்தைவழி, ஒய்யும் தந்தைவழி. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும். நம்மிடம் அப்படித் தலைமுறை தாண்டும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது. ஆனால் அதைவிட வலுவான ஒன்று நம்மிடம் இருக்கிறது. கொங்கு நாட்டுக் கூட்டங்கள் தந்தைவழியில் இறங்குபவை. ஒரே கூட்டத்து ஆண்கள் பங்காளிகள், பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். இந்த அமைப்பு மெய்யாகவே ஒரே மூதாதையிலிருந்து கிளைத்ததா, அல்லது இடையில் பல குடும்பங்கள் ஒரு குலதெய்வத்தின் கீழ் சேர்ந்துகொண்டதா என்பதை ஒய் பரிசோதனை நேரடியாகச் சோதிக்கும். எதிர்த்திசையில், கொண்டையங்கோட்டை மறவர்களின் கிளையும் மட்டக்களப்புத் தமிழர்களின் குடியும் தாய்வழியில் இறங்குகின்றன. அங்கே கேட்க வேண்டியது மைட்டோகாண்ட்ரியா பரிசோதனை. இவை இரண்டையும் ஆழமாகச் செய்து, பொருந்துகிறவர்களின் பட்டியலையும் தருவது பெரிய கம்பெனிகளில் ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ. மட்டும்தான். அவர்களுடைய 'பிக் ஒய்-700' பல நூறு டாலர் பிடிக்கும். கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேரைச் சம்மதிக்க வைக்க முடியாவிட்டால் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். தனி ஒருவரின் ஒய் முடிவு ஒப்பிட ஆளில்லாமல் சும்மா கிடக்கும்.

மைட்டோகாண்ட்ரியாவில் மாற்றம் மிக மெதுவாக நிகழ்கிறது. இருவருடையது அப்படியே பொருந்தினாலும் பொதுப் பாட்டி பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால், சில சமயம் ஆயிரத்துக்கும் முன்னால் வாழ்ந்தவளாக இருக்கலாம். நேர்த் தாய்வழி உறவு இல்லை என்று நிரூபிக்க நல்லது. உறவு எது என்று சொல்ல உதவாது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். பிச்சப்பனும் மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற ஒய் குறியைக் கண்டபோது பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதிமனிதர்களின் தடம் அது. அறிவியலாக அது முக்கியமானது. ஆனால் பல்லாயிரம் ஆண்டு முந்தைய நடைப்பயணத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தேட முடியாது. தொல்மூதாதை வேறு, குடும்ப வரலாறு வேறு. ஹாப்லோகுரூப் என்னும் தொல்வம்சப் பிரிவின் எழுத்தொன்றைக் கையில் வைத்துக்கொண்டு "நாங்கள்தான் ஆதி" என்றும் "நாங்கள் வந்தேறிகள் இல்லை" என்றும் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பித்தான் பிழைக்கிறார்கள். பிரியா மூர்ஜானி, குமாரசாமி தங்கராஜ், டேவிட் ரைக் முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்று இந்தியத் துணைக்கண்டத்தில் வாழும் ஏறத்தாழ எல்லாக் குழுக்களிலும் கலப்பு இருக்கிறது. அந்தக் கலப்பு சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்து, பிறகு அகமணம் இறுகியிருக்கிறது. அந்த இறுக்கம்தான் நம் கிட் முடிவுகளைக் கோணலாக்குகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

விளம்பரங்களில் வருவது சதவீதங்கள்: இத்தனை சதவீதம் ஐரிஷ், இத்தனை இத்தாலி. என் கணிப்பில் கிட்டை இதற்காக வாங்குவது வீண். ஒவ்வொரு கம்பெனியும் 'இன்ன ஊர்க்காரர்' என்று தான் கருதும் சில ஆயிரம் பேரை மாதிரிக் குழுவாக வைத்துக்கொள்கிறது. நம் டி.என்.ஏ. துண்டு ஒவ்வொன்றும் அவர்களில் யாரை ஒத்திருக்கிறது என்று மதிப்பிட்டுத் தருவதுதான் சதவீதம். குழுவை மாற்றினால் முடிவும் மாறும். மைஹெரிடேஜ் 2025 தொடக்கத்தில் தன் இனப்பிரிவுகளை 42இலிருந்து 79 ஆக்கியபோது, பழைய வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே இரவில் புதிய மூதாதையர் முளைத்தார்கள், பழையவர்கள் மறைந்தார்கள். 2019இல் கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சி உருவொத்த இரட்டைச் சகோதரிகளின் டி.என்.ஏ.வை ஐந்து கம்பெனிகளுக்கு அனுப்பியது. கம்பெனிக்குக் கம்பெனி முடிவு வேறுபட்டது போதாதென்று, ஒரே கம்பெனிக்குள்ளேயே இருவருக்கும் சதவீதங்கள் ஒத்துப்போகவில்லை. தஞ்சாவூர்க்காரருக்கோ யாழ்ப்பாணத்தவருக்கோ வரப்போவது பெரும்பாலும் 'தென்னிந்தியா, இலங்கை' என்ற ஒரே பெரிய நிறத்திட்டு. அது அவருக்குத் தெரியாத செய்தி அல்ல. கயானாவிலோ ரீயூனியனிலோ நான்கு கண்டத்து ரத்தம் கலந்து பிறந்தவருக்கு அந்தத் திட்டில் ஓரளவு செய்தி இருக்கலாம்.

உண்மையான சரக்கு, பொருந்துகிறவர்களின் பட்டியலில் இருக்கிறது. அங்கே, இருவர் பகிரும் டி.என்.ஏ.வை அளக்கும் அளவுகோல் சென்டிமார்கன். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே சுமார் 3,400, உடன்பிறந்தவர்களுக்கு 2,600 வாக்கில். அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் சராசரியாக 850ஐ ஒட்டிப் பகிர்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குள் 230, அதற்கடுத்த தலைமுறையில் 70 சொச்சம். இவை சராசரி. ஏற்ற இறக்கம் நிறைய உண்டு. மூன்றாம் தலைமுறைப் பங்காளிகளில் பத்துக்கு ஒரு ஜோடிக்கு எந்தத் துண்டும் பொருந்தாமல் போகும். நான்காம் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பொருந்தாது. ஆகவே "டி.என்.ஏ.வில் வரவில்லை, அதனால் உறவில்லை" என்று தூரத்து உறவை மறுக்க முடியாது. நெருங்கிய உறவை மறுக்கலாம்.

இந்த எண்களை நம் குடும்பத்தில் பொருத்தும்போதுதான் சிக்கல். மேற்கத்தியக் கம்பெனிகளின் கணக்கு, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அந்நியர்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. மாமன் மகள், அத்தை மகன், சில குடும்பங்களில் தாய்மாமனே மாப்பிள்ளை. எடுத்துக்காட்டாக, அண்ணன் தம்பி இருவர் அக்கா தங்கை இருவரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் கேள்விப்படாத விஷயம் அல்ல. அவர்களுடைய பிள்ளைகள் தந்தை பக்கமும் உறவு, தாய் பக்கமும் உறவு. 850 இருக்க வேண்டிய இடத்தில் 1,700 வரும். கம்பெனியின் தளம் அதைப் பார்த்துவிட்டு "பாதி உடன்பிறப்பாக இருக்கலாம், அல்லது சித்தப்பா மகன் முறை அல்ல, சித்தப்பாவே" என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டும். விவரம் தெரியாதவர் வீட்டில் அந்த ஒரு வரி போதும், குடும்பமே ரெண்டுபடும். இரண்டு பக்கமும் பொருந்தும் பகுதிகளைத் தனியாகக் காட்டும் கருவி, பல கம்பெனிகளின் கோப்புகளை ஏற்றி ஒப்பிடும் ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் உண்டு. இரட்டை உறவா, பாதி உடன்பிறப்பா என்று அது பிரித்துச் சொல்லிவிடும். அந்தக் கருவியைப் பார்க்காமல் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

இது நெருங்கிய உறவில். தூரத்து உறவில் சிக்கல் வேறு மாதிரி. பல நூறு ஆண்டு அகமணத்தால் ஒரே சாதியில், ஒரே வட்டாரத்தில் பிறந்த இருவர் பத்து வழிகளில் கொஞ்சம் கொஞ்சம் உறவாக இருப்பார்கள். சிறுசிறு துண்டுகள் சேர்ந்து 60, 80 சென்டிமார்கன் ஆகிவிடும். பட்டியலில் 'மூன்றாம் தலைமுறை' என்று வரும். பொது மூதாதையைத் தேடிப் போனால் கிடைக்கவே மாட்டார், ஏனென்றால் ஒருவர் இல்லை, ஐம்பது பேர் இருக்கிறார்கள். அஷ்கெனாசி யூதர்கள் இதே அவஸ்தையை நமக்கு முன்பே பட்டவர்கள். அவர்களில் வம்சாவளி தேடுகிறவர்கள் கண்டுகொண்ட உபாயம் எளியது. மொத்த எண்ணைப் பார்க்காதே, மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பார். மொத்தம் 70, ஆனால் நீளமான துண்டு 9 என்றால் அது பழைய சாதிச் சொந்தம், விட்டுவிடலாம். மொத்தம் 70இல் ஒரே துண்டு 40 என்றால் சமீபத்துச் சொந்தம், எழுதிக் கேட்கலாம். ஆகவே கிட் தேர்வில் நமக்கென்று ஒரு தனி நிபந்தனை சேர்கிறது: நீளமான துண்டின் அளவைக் காட்டுகிற கம்பெனியாக இருக்க வேண்டும். ஆன்செஸ்ட்ரி அதைக் காட்டுகிறது; கூட்ட நெரிசலான பகுதிகளைத் தள்ளுபடி செய்யும் ஒரு கணக்கையும் தானாகவே போடுகிறது. ஆனால் எந்தக் குரோமோசோமில் எந்த இடம் என்பதைக் காட்ட மறுக்கிறது. மைஹெரிடேஜும் ஃபேமிலிட்ரீயும் அதைக் காட்டும்.

ஜெட்மேட்சில் "உங்கள் பெற்றோர் உறவினரா?" என்று ஒரு சோதனை இருக்கிறது. தமிழர்கள் பலருக்கு விடை "ஆம்" என்று வரும். பதற வேண்டாம், கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தாலே தெரிந்த விஷயம்.

இனி, யார் எச்சில் கொடுத்திருக்கிறார்கள் என்ற முதல் கேள்வி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருக்கும் பெரியப்பா பிள்ளைகள் கொடுக்கவில்லை. கொடுத்திருப்பவர்கள் டொராண்டோ, லண்டன், நியூ ஜெர்சி, சிட்னித் தமிழர்கள். அதைவிட ஆவலோடு, ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகள். நேட்டால், மொரீஷியஸ், ஃபிஜி, டிரினிடாட், கயானா. பெயர் திரிந்து, மொழி போய், ஊர்ப் பெயர் மறந்த அவர்களுக்கே வேர் தேடும் தேவை அதிகம். ஆக, சேலத்தில் இருக்கிற ஒருவர் கிட் வாங்கினால் அவருக்குப் புதிதாகத் தெரியவருவது தன் முன்னோரைப் பற்றி அல்ல, தன் முன்னோரின் தம்பி ஒருவர் கப்பலேறிப் போனதைப் பற்றித்தான்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனைச் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியே ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியும் விட்டார்கள். கூலி எண் தெரிந்த வாரிசுக்கு டி.என்.ஏ. கிட் முதல் தேவையே அல்ல. தாத்தாவின் கல்யாணச் சான்றிதழிலோ இறப்புச் சான்றிதழிலோ அந்த எண் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. கிராமம் வரை காகிதம் கொண்டுபோய் விடும். பிறகு அந்தக் கிராமத்தில் அதே குடும்பம் என்று நம்பப்படுகிற ஒரு முதியவரிடம் எச்சில் கேட்டு, டர்பனில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவரோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் கிட்டுக்கு வேலை வருகிறது. நான்கு ஐந்து தலைமுறை இடைவெளியில் பொருத்தம் வராமலும் போகலாம் என்பதால் இரு பக்கமும் ஒருவரோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று பேரைச் சேர்ப்பது புத்திசாலித்தனம். மொரீஷியஸுக்கும் இதே வழிதான். 1834 முதல் அங்கே இறங்கிய சுமார் நாலரை லட்சம் பேரின் ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படத்தோடு.

மலேசியாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் கங்காணி வழியே போனவர்களுக்கு இப்படி ஆளுக்கு ஆள் பட்டியல் கிடைப்பது குதிரைக்கொம்பு. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் சொந்தத்திலிருந்தும் ஆள் சேர்த்தான். காகிதம் இல்லாத அந்த இடத்தில் டி.என்.ஏ.வுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஆனால் மறுமுனையில், அதாவது ராமநாதபுரத்திலோ திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ யாராவது எச்சில் கொடுத்தால்தான்.

ரீயூனியன், குவாதலூப், மார்டினிக் தமிழ் வாரிசுகளுக்கு வேறொரு முட்டுக்கட்டை. அவை பிரான்சின் பகுதிகள். பிரெஞ்சுச் சட்டம் நீதிமன்றம், மருத்துவம், ஆராய்ச்சி தவிர்த்த டி.என்.ஏ. பரிசோதனையை அனுமதிப்பதில்லை, தானே செய்துகொண்டவருக்கு 3,750 யூரோ வரை அபராதம் விதிக்கலாம். 2021இல் உயிரறநெறிச் சட்டத்தைத் திருத்தியபோதும் இதைத் தளர்த்தவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் பலர் அக்கம்பக்கத்து நாட்டு முகவரிக்குக் கிட் வரவழைத்துச் செய்துகொள்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் காரைக்காலிலிருந்து போனவர்களின் வம்சத்தைத் தேடுகிறவர் கம்பெனிப் பட்டியலில் ரீயூனியன்காரர் குறைவாக இருப்பதைக் கண்டு, அங்கே தமிழ் வாரிசுகளே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

தத்துப் போனவர்களின் தேவை எல்லோருடையதையும்விடக் கூர்மையானது. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவீடன், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பல கோப்புகளில் தாய் என்று கையெழுத்திட்டவர் உண்மைத் தாயே அல்ல, காசு வாங்கிக்கொண்டு தாயாக நடித்தவர் என்பதை டச்சுத் தொலைக்காட்சியின் 'ஸெம்ப்லா' நிகழ்ச்சி 2017இல் வெளிக்கொண்டு வந்தது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. இப்படிப்பட்டவர் கிராமத்தில் ஒரு தாயைக் கண்டுபிடித்துக் கட்டியணைத்து அழுத பிறகு, டி.என்.ஏ. பொருந்தாமல் போன கதைகள் உண்டு. ஆகவே சந்திப்புக்கு முன் சோதனை. இவர்களுக்கு என் பரிந்துரை, ஒரு கம்பெனியோடு நிற்காமல் எல்லாக் குளத்திலும் தூண்டில் போடுவதுதான். உறவினர் எந்தக் கம்பெனியில் வந்து சேர்வார் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

அதற்குச் சிக்கனமான வரிசை ஒன்று இருக்கிறது. ஆன்செஸ்ட்ரி மற்ற கம்பெனிகளின் கோப்பை ஏற்பதில்லை. அதற்குள் நுழைய அவர்களுடைய கிட் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் அங்கிருந்து கோப்பை இறக்கிக்கொள்ள விடுகிறது. எனவே முதலில் அது, பிறகு அந்தக் கோப்பை ஜெட்மேட்சிலும் ஃபேமிலிட்ரீயிலும் ஏற்றலாம். ஏற்றுவதற்கான கதவுகளை இந்தக் கம்பெனிகள் நினைத்தால் திறக்கும், நினைத்தால் சாத்தும். பணம் கட்டும் அன்று அவர்களுடைய உதவிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. ஆன்செஸ்ட்ரி எல்லா நாடுகளுக்கும் கிட் அனுப்புவதும் இல்லை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பவரைச் சோதிக்க வேண்டுமென்றால் கிட் வந்து சேருமா என்பதோடு, எச்சில் அடைத்த குழாய் திரும்பிப் போகுமா என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். பாதிப் பேர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

விலையில் ஏமாற வேண்டாம். 99 டாலர் என்று போட்டிருக்கும் கிட், ஏப்ரல் 25 டி.என்.ஏ. தினத்தையொட்டியும் நவம்பர் கடைசி வாரத்திலும் கிட்டத்தட்டப் பாதி விலைக்கு வரும். ஏப்ரல் 25, 1953இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் கட்டுரையை வெளியிட்ட நாள். இன்று தள்ளுபடி விற்பனை நாள். கிட் மலிவு, சந்தா கனம் என்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். பொருந்துகிறவரின் குடும்ப மரத்தைப் பார்க்க, சில கருவிகளைப் பயன்படுத்த, பழைய ஆவணங்களைத் திறக்க ஆண்டுச் சந்தா கேட்கும். அந்த ஆவணங்களில் பெரும்பகுதி அமெரிக்க, பிரிட்டிஷ் குடிமதிப்புப் பதிவேடுகள். தமிழ்நாட்டு வேர் தேடுகிறவருக்கு அவை எதற்கு? அந்தப் பணத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் பழைய பத்திர நகலும் எடுத்தால் மூன்று தலைமுறைப் பெயர் உறவுமுறையோடு கிடைத்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரத்தைவிட நேர்மையான குடும்ப மரம் நம்மிடம் வேறு இல்லை. பங்கு கேட்பவர் யாரும் தன் பெயரை விட்டுவைக்க மாட்டார்.

எச்சிலா, பஞ்சுக்குச்சியா என்பது சில்லறை விஷயமாகத் தெரியும். எழுபது தாண்டியவரிடம் எடுக்கும்போதுதான் அதன் அருமை புரியும். ஆன்செஸ்ட்ரியும் 23அண்ட்மீயும் குழாயில் துப்பச் சொல்லும். கோடு வரை எச்சில் வர வேண்டும். நுரை கணக்கில் சேராது. அதற்கு முந்தைய அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, வெற்றிலை போடும் ஆச்சிகளுக்கு அதுவே பெரிய தண்டனை. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலருக்கு வாய் வறண்டிருக்கும். கன்னத்தின் உட்புறத்தை நாவால் நீவச் சொல்லி, தாடையை வெளியிலிருந்து மெல்லத் தேய்த்துவிட்டு, கால் மணி நேரம் பொறுமையாக உட்கார வேண்டும். மைஹெரிடேஜும் ஃபேமிலிட்ரீயும் தருவது பஞ்சுக்குச்சி. கன்னத்தின் உள்ளே அரை நிமிடத்துக்குமேல் அழுத்தித் தேய்த்து, முனையைத் திரவமுள்ள சிறு குப்பிக்குள் போட்டு மூடிவிட்டால் முடிந்தது. வயதானவர்களுக்கு இதுதான் வசதி. எந்த வகையானாலும் குழாயில் இருக்கும் எண்ணைத் தளத்தில் பதிந்த பிறகே தபாலில் போட வேண்டும். பதியாமல் போன குழாய் ஆளில்லாத சாமான்.

கையில் இருப்பது இரண்டே கிட் என்றால், ஆர்வமாக இருக்கும் பேரனுக்கு ஒன்று கூடாது. உயிரோடு இருப்பவர்களில் மூத்தவர்களுக்கே இரண்டும். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் முன்னோரின் டி.என்.ஏ.வில் பாதி தொலைகிறது. அப்பத்தாவின் எச்சிலில் இருப்பது பேரனிடம் கால்வாசிதான். அப்பா பக்கத்தில் ஒருவர், அம்மா பக்கத்தில் ஒருவர் கிடைத்தால் நல்லது. மாமன் மகளைக் கட்டிய குடும்பத்தில் இரண்டு பக்கமும் ஒரே வீடாகிவிடும் என்பதால் அங்கே கொஞ்சம் யோசித்துத் தேர வேண்டும்.

அந்தரங்கம் பற்றிய பயம் மிகையல்ல. 2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாப் போலீஸ் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' கொலையாளியைப் பிடித்தது, ஜெட்மேட்சில் யாரோ தூரத்து உறவினர்கள் ஏற்றிவைத்திருந்த கோப்புகளின் வழியே. அவன் எந்தக் கம்பெனிக்கும் எச்சில் கொடுத்தவன் அல்ல. அதன் பிறகு, 2019இல் ஜெட்மேட்ச் போலீஸ் தேடலுக்குச் சம்மதம் தெரிவித்தவர்களை மட்டும் சேர்ப்பது என்று மாற்றியது; பின்னர் தடயவியல் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. ஃபேமிலிட்ரீயும் எஃப்.பி.ஐ.யோடு ஒத்துழைத்து வந்தது 2019இல் வெளியானது. 2023இல் 23அண்ட்மீயில் திருட்டு நடந்தது. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்துச் சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தவர்கள், உறவினர் பட்டியல் வசதியின் மூலம் 69 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார்கள். அஷ்கெனாசி யூதர்கள், சீனர்கள் என்று பட்டியல் பிரித்து விற்பனைக்கு வைத்தார்கள். இனக்கலவரம் பார்த்த நாட்டவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவாலானது. கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே உங்கள் தரவை அழித்துவிடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டினார். ஒரு மருந்துக் கம்பெனி வாங்குவதாக இருந்து, கடைசியில் நிறுவனர் ஆன் வோஜ்சிக்கியின் லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. நேஷனல் ஜியாக்ரஃபிக்கின் ஜெனோகிராஃபிக் திட்டமும் 2005இல் ஆரவாரத்தோடு தொடங்கி 2019இல் கிட் விற்பனையை நிறுத்திக்கொண்டதுதான். ஆகவே முடிவு வந்த அன்றே மூலக் கோப்பைச் சொந்தக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக்குச் சம்மதமா என்ற பெட்டியைப் படிக்காமல் டிக் செய்யாதீர்கள்.

வீட்டுக்குள் கேட்க வேண்டிய சம்மதம் இதைவிட நுட்பமானது. அமெரிக்காவில் பல பேர் தங்கள் அப்பா வேறொருவர் என்பதையும், விந்து தானத்தில் பிறந்ததையும் இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். நம் வீடுகளில் பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கை பிள்ளையைக் கொடுத்ததும், முதல் மனைவி பிள்ளையை இரண்டாமவள் பிள்ளையாகவே வளர்த்ததும் அபூர்வமல்ல. பெரியவர்களுக்குத் தெரியும், பேச மாட்டார்கள். கிட்டை நீட்டும்போது, "இதில் நாம் எதிர்பாராததும் தெரிய வரலாம், வந்தால் யாரிடம் சொல்வது?" என்று அவர்களிடமே முதலில் கேட்டுவிடுங்கள். சிலர் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அத்தோடு விட்டுவிட வேண்டும்.

கொடுக்கச் சம்மதித்தால், கணக்கு யார் பெயரில், மின்னஞ்சல் யாருடையது, அவருக்குப் பின் யார் கையில் என்பதை அன்றே எழுதிவையுங்கள். ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ. மாதிரியை 25 ஆண்டுகள் சேமித்து வைப்பதாகச் சொல்கிறது. கணக்குக்குப் பயனாளி பெயரைக் குறிக்கவும் இடம் வைத்திருக்கிறது. தாத்தாவின் கன்னத்திலிருந்து எடுத்த அந்தப் பஞ்சில் இன்றைக்கு ஆட்டோசோமல் மட்டும் பார்த்துவிட்டு, ஊரில் கூட்டத்து ஆட்கள் நாலு பேர் சம்மதித்த பிறகு, பத்து வருஷம் கழித்து மிச்சமிருக்கும் மாதிரியிலேயே ஒய் பரிசோதனைக்குப் பணம் கட்ட முடியும். பயனாளி பெயர் நிரப்பாத கணக்கில் கடவுச்சொல் தெரிந்த பேரன் வேறு நாட்டில் இருந்தால், அது நடக்காது.